கான்கிரீட் கொட்டும் முன்பு: சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிதாகச் சேரும் கட்டட ஆய்வாளருக்கு

கட்டட ஆய்வாளராகச் சேருகிறவர்களில் பலர் முதல் சில மாதங்களை டேப்பைப் பிடித்து செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடத்தை, அளப்பதிலேயே கழித்துவிடுகிறார்கள். அதுவும் வேலைதான், செய்யத்தான் வேண்டும். ஆனால் செட்பேக் குறைந்த வீட்டை அடுத்த வருடம் போய் அளந்தாலும் அதே குறை அங்கேயே இருக்கும். தூணுக்குள் போன கம்பி அப்படிக் காத்திருக்காது. கான்கிரீட் மூடிவிட்டால் அதற்கப்புறம் அதைப் பார்க்க வழி இல்லை, உடைத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான்: கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் நீங்கள் அந்த இடத்தில் நிற்க வேண்டும். நிற்பதற்கு வேண்டிய வண்டி, பயிற்சி, மேலதிகாரியின் கையெழுத்து எல்லாவற்றையும் அலுவலகத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். இரண்டையும் பற்றி எழுதப்பட்டதைத் தேடிப் படியுங்கள். விதி என்பது எதற்கு என்று யாரும் உங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியிருக்காது.

முதல் வாரம்: எந்தச் சட்டம், யாருடைய எல்லை

நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை நான்கு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அப்புறம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். எண் கொண்ட நெறிமுறைகள். முதல் மூன்றும் எங்கே, எவ்வளவு, யார் அனுமதியோடு கட்டலாம் என்று சொல்கின்றன. கட்டியது நிற்குமா என்பதை நான்காவதுதான் சொல்கிறது. 2019 விதிகளில் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கட்டி முடித்தபின் தரும் முடிவுச் சான்று யாருக்கு வேண்டும், யாருக்கு விலக்கு என்பதே மாறியிருக்கிறது. அதனால் பழைய புத்தகத்தை நம்பாமல் கடைசி அரசாணைவரை சேர்த்த பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். 18.30 மீட்டர் உயரம் வரை உயரமல்லாத கட்டடம், அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம் என்ற கோடு மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும்.

எல்லை விஷயம் சேலத்தில் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்ற நான்கு மண்டலங்களும் மாநகராட்சி. அதைத் தாண்டியதும் பேரூராட்சி, ஊராட்சி என்று பிரிந்துவிடும். நகர் ஊரமைப்புத் துறையின் அலுவலகமும் சேர்ந்துகொள்ளும். ஒரே தெருவின் இந்தப் பக்கம் ஓர் அலுவலகம், அந்தப் பக்கம் இன்னொன்று என்ற இடங்களும் உண்டு. உங்கள் எல்லைக்குள் இல்லாத இடத்தில் நோட்டீஸ் ஒட்டினால் அந்த நோட்டீஸ் நீதிமன்றத்தில் நிற்காது. சர்வே எண்ணை வைத்து முதல் வாரமே வரைபடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை முதல் 2500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டும் சிறு வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. மக்களுக்கு இது நல்ல விஷயம், அலைச்சல் குறைந்தது. ஆனால் அனுமதிக்கு முன்னால் போய் இடத்தைப் பார்க்கும் வாய்ப்பு இதில் இல்லை. ஏரி ஓரமா, ஓடை மேலேயா, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பியதா என்று கண்ணால் பார்ப்பது வேலை தொடங்கிய பிறகுதான். ஆகவே இந்த வீடுகளை ‘பார்க்க வேண்டாதவை’ என்று தள்ளிவிடாதீர்கள். இணையத்தில் அனுமதி பெற்றவற்றின் பட்டியலை எடுத்து, மூக்கனேரி, அல்லிக்குட்டை ஏரி, திருமணிமுத்தாறு என்று நீர்நிலைக்குப் பக்கத்தில் வரும் சர்வே எண்களை முதலில் குறியுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

புறப்படும் முன்

அனுமதி வரைபடத்தில் பெரும்பாலும் அறை, படிக்கட்டு, செட்பேக்தான் இருக்கும். கம்பி விவரம் இருக்காது. கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தைத் தனியாகக் கேளுங்கள். அது இல்லாமல் களத்துக்குப் போனால் மேஸ்திரி கட்டியதுதான் சரி என்று ஆகிவிடும். பையில் டேப், கம்பி விட்டம் அளக்க வெர்னியர், கேமரா உள்ள போன், குறிப்பேடு, சுண்ணக்கட்டி இருக்கட்டும். தலைக்கவசமும் தடித்த அடியுள்ள ஷூவும் கட்டாயம். ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் சென்ட்ரிங் பலகை மேல் செருப்போடு நடக்காதீர்கள்.

மேஸ்திரியின் போன் எண்ணை வாங்கி வையுங்கள். எப்போது கொட்டுகிறார்கள் என்பது வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும். தூண், பீம், தளம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நாள் முன்னால் தகவல் சொல்லும்படி முதல் சந்திப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

களத்தில்: கம்பியும் கான்கிரீட்டும்

நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பில் சேலம் நிலநடுக்க மூன்றாம் மண்டலத்தில் வருகிறது. இதைச் சொன்னால் களத்தில் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் இதனால்தான் அதற்கேற்பக் கம்பி கட்டும் விவரத்தைச் சொல்லும் ஐ.எஸ். 13920 இங்கே பொருந்துகிறது, அதனால்தான் தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கிக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

தூணுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ரிங்கின் முனையைப் பாருங்கள். 90 டிகிரியில் மடித்து நிறுத்தியிருந்தால் அது தவறு. 135 டிகிரிக்கு உள்பக்கமாக மடங்கி, மடிப்புக்கு அப்பால் கம்பி விட்டத்தைப்போல 6 மடங்கு நீளம் இருக்க வேண்டும். அதுவும் 65 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 8 மில்லிமீட்டர் ரிங் என்றால் 6 மடங்கு 48தான், ஆகவே 65 என்பதே கணக்கு. “சார், இந்தப் பக்கமெல்லாம் இப்படித்தான் மடிப்போம். இருபது வருசமா ஒண்ணும் ஆகலியே” என்பார் கம்பி கட்டுகிறவர். அவரிடம் நெறிமுறை எண்ணைச் சொல்லிப் பயனில்லை. நான் செய்வது இதுதான்: கீழே கிடக்கும் துண்டுக் கம்பியில் இரண்டு ரிங் மடிக்கச் சொல்வேன், ஒன்று 90, ஒன்று 135. இரண்டையும் நான்கு கம்பியைச் சுற்றி மாட்டி, நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பச் சொல்வேன். 90 டிகிரி ரிங் வாய் பிளந்துகொள்ளும். “தூண் நசுங்கும்போது வெளிக் கான்கிரீட் முதலில் உதிரும் அண்ணே, அப்போது உள்ளே இருப்பதைப் பிடித்துக்கொள்ள இந்தக் கொக்கி மட்டும்தான்” என்று சொன்னால் அவரே மீதி ரிங்கையெல்லாம் கழற்றி மடிப்பார். தன் கையால் நெம்பிப் பார்த்தவர் அடுத்த சைட்டிலும் சரியாக மடிப்பார்.

அடுத்தது இடைவெளி. தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும், பீம் வந்து சேரும் பகுதியில் ரிங் நெருக்கமாக இருக்க வேண்டும். அந்தப் பகுதியில் 100 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தூணின் சிறிய பக்கத்தில் கால் பங்கு, முதன்மைக் கம்பிகளில் மெல்லியதன் விட்டத்தைப்போல 6 மடங்கு என்ற வரம்புகளும் உண்டு, மூன்றில் எது குறைவோ அது. நடைமுறையில் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் கட்டி, பீம் சேரும் இடத்தில் கை நுழையவில்லை என்று ரிங்கையே விட்டுவிடுவார்கள். விரலை உள்ளே விட்டு எண்ணிப் பாருங்கள். கம்பி லேப், அதாவது ஒரு கம்பியோடு அடுத்ததை ஒட்டிச் சேர்க்கும் இடம், தூணின் நடுப்பாதியில்தான் வர வேண்டும். தளத்துக்கு மேலேயே எல்லாக் கம்பியையும் ஒரே மட்டத்தில் லேப் போடுவது நம் ஊர் வழக்கம். அதை நிறுத்த வைக்க வேண்டும்.

9 அங்குலத் தூண் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல் சுவரின் அகலத்துக்குள் தூண் மறைந்துவிட வேண்டும் என்று 230 மில்லிமீட்டரில் போடுகிறார்கள். ஐ.எஸ். 13920-இன் 2016 பதிப்பு தூணின் சிறிய பக்கம் 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. சுவரை விட்டு வெளியே துருத்துவது அழகில்லை என்று வீட்டுக்காரர் வருத்தப்படுவார். வருத்தப்படட்டும், வடிவமைத்த பொறியாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். இந்த இடத்தில் வாய்மொழிச் சமாதானத்தை ஏற்காதீர்கள்.

கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் இருக்கிறதா பாருங்கள். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அஸ்திவாரத்தில் 50, தூணில் 40, பீமில் 25, தளத்தில் 20 மில்லிமீட்டர் என்பது அடிப்படைக் கணக்கு.

அப்புறம் தண்ணீர். ரெடிமிக்ஸ் வண்டி சித்திரை வெயிலில் கந்தம்பட்டிப் பக்கம் நெரிசலில் நின்று வந்து சேரும்போது கலவை இறுகியிருக்கும். டிரைவரோ ஆட்களோ ஹோஸை டிரம்முக்குள் விட்டுவிடுவார்கள். ஒரு கனமீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட், 175 லிட்டர் தண்ணீர் என்றால் தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.50. கனமீட்டருக்கு 20 லிட்டர் கூடுதலாக ஊற்றினால் 0.56 பக்கம் போய்விடும். 6 கனமீட்டர் வண்டியில் அது 120 லிட்டர். ஹோஸ் சில நிமிடம் ஓடினால் போதும். வலிமை குறையும், பிறகு விரிசல் விடும். இறுகிய கலவையை இளக்க வேண்டுமென்றால் ஆலையின் பொறியாளர் சொல்லும் அளவில் அட்மிக்சர் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கலாம், தண்ணீர் கூடாது. கலவை ஏற்றிய நேரத்தை டெலிவரி சீட்டில் பாருங்கள். 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும். கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பை உங்கள் முன்னால் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கலவையின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதத்தில் தளம் கொட்டுவதை அதிகாலைக்கோ மாலைக்கோ தள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

வலிமைச் சோதனைக்காகக் கான்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து கியூப் எடுப்பது சடங்காகிவிடக் கூடாது. 5 கனமீட்டர் வரை ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். கியூபின் மேல் தேதியையும் தூண் எண்ணையும் நீங்களே எழுதுங்கள். சைட்டில் கொட்டியது ஒன்று, சோதனைக் கூடத்துக்குப் போனது வேறொன்று என்ற சந்தேகத்தைத் தவிர்க்க அது ஒன்றுதான் வழி. 150 மில்லிமீட்டர் கியூபில் எம்25 கான்கிரீட் என்றால் 562.5 கிலோ நியூட்டன் வரை தாங்கினால்தான் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வரும். அறிக்கையில் மூன்று கியூபுக்கும் ஒரே எண் அச்சடித்ததுபோல வந்தால் சோதனைக் கூடத்தையே கேள்வி கேளுங்கள். கியூப் தவறினால் உடனே இடி என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டியதிலேயே துளையிட்டு கோர் என்ற உருளைத் துண்டை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். வேண்டிய கியூப் வலிமையில் கோர்களின் சராசரி 85 சதவீதத்துக்கும், தனி ஒன்று 75 சதவீதத்துக்கும் குறையாமல் இருந்தால் ஏற்கலாம் என்று கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 சொல்கிறது.

தளத்தையும் பீமையும் தாங்கும் முட்டுக்கால்களைப் பிரிக்கும் நாளும் உங்கள் கணக்கில் இருக்கட்டும். 4.5 மீட்டருக்குள் உள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள்; 6 மீட்டருக்குள் உள்ள பீமுக்கு 14 நாள், மேலே போனால் 21. வாடகைக்கு எடுத்த முட்டுக்கால்களை அடுத்த சைட்டுக்குக் கொண்டுபோக அவசரப்படுவார்கள்.

மாடியில் தறி போடும் வீடுகளைக் கவனியுங்கள். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் குடியிருப்பு அனுமதியில் கட்டிய தளத்தின் மேல் விசைத்தறி ஓடும். குடியிருப்புத் தளத்துக்குக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன். இலகுவான இயந்திரம் உள்ள பணியிடத்துக்கே 5 வேண்டும். அதோடு தறியின் அதிர்வும் சேர்கிறது. இங்கே முதல் நாளே சீல் வைப்பது தீர்வாகாது, அந்தத் தறியில்தான் அந்தக் குடும்பம் சாப்பிடுகிறது. தரைத் தளத்துக்கு மாற்றவோ, பொறியாளர் மூலம் பீமை வலுப்படுத்தவோ கால அவகாசம் கொடுத்து எழுதுங்கள். விரிசல் ஓடிவிட்டதென்றால் மட்டும் அவகாசம் கிடையாது, அன்றே இறக்கச் சொல்ல வேண்டும்.

மின்கம்பியையும் அண்ணாந்து பாருங்கள். 11 கே.வி. கம்பிக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்வாட்டில் 3.7 மீட்டர் இடைவெளி இல்லாத இடத்தில் சாரம் கட்டினால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

மலையேறும்போது

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வேலையின் தன்மையே மாறிவிடும். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகிறது. 1990-இல் அமைத்த குழுமம் அது. வேளாண் பொறியியல், புவியியல் மற்றும் சுரங்கம், வனம் ஆகிய துறைகளின் கருத்து கோப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் முத்திரை இருந்தால் போதாது. அவர்கள் போட்ட நிபந்தனைகளை வாசித்து, களத்தில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட். அது சிதையும்போது மண்ணுக்குள் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள் மிச்சமாக நிற்கும். அஸ்திவாரப் பள்ளம் தோண்டும்போது கடப்பாரை ‘டங்’ என்றதும் பாறை தட்டிவிட்டது, அஸ்திவாரம் போடலாம் என்று சொல்வார்கள். அது தாய்ப்பாறையா, மண்ணில் மிதக்கும் உருண்டையா என்பதைச் சுற்றிலும் தோண்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு தூண் உருண்டைப் பாறையிலும் பக்கத்துத் தூண் களிமண்ணிலும் நின்றால் மழைக்காலத்தில் ஒன்று இறங்கும், ஒன்று நிற்கும்.

சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே முன்பக்கம் கொட்டி மட்டமாக்கி வீடு கட்டுவது அதைவிட ஆபத்து. பாதி வீடு வெட்டிய கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய இளகிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய மண்ணைத் தாண்டி அஸ்திவாரம் கீழே இறங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. அப்படி இறங்கும்போது பள்ளப்பக்கத் தூண் நீளமாகவும் மேட்டுப்பக்கத் தூண் குட்டையாகவும் ஆகும். நிலம் அதிர்ந்தால் குட்டைத் தூண்தான் அதிக விசையை வாங்கும். அதில் ரிங் முழு உயரத்துக்கும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

தடுப்புச் சுவரில் நீர் வடியும் துளைகளைப் பாருங்கள். துளை இருந்தால் மட்டும் போதாது, சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்கிறார்களா என்று மண் மூடும் முன்பே பார்க்க வேண்டும். மண் மூடிய பின் நீங்கள் பார்ப்பது வெளியே தெரியும் பைப் முனையை மட்டும்தான். தண்ணீர் தேங்கினால் சுவர் மண்ணோடு சேர்த்துத் தண்ணீரின் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை எல்லாரும் பார்த்தோம். தங்கும் விடுதிகள் பெருகும் இடத்தில் ஒருவர் வெட்டும் சரிவு கீழே குடியிருப்பவர் தலையில்தான் இறங்குகிறது. ஐப்பசிக்கு முன் எல்லா வெட்டுச் சரிவுகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.

எழுதுவதும் நோட்டீஸும்

பார்த்த அன்றே எழுதுங்கள். தேதி, நேரம், சர்வே எண், யார் இருந்தார்கள், எதை அளந்தீர்கள், எவ்வளவு வந்தது, என்ன திருத்தச் சொன்னீர்கள். ‘கம்பி சரியில்லை’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘தூண் 4, ரிங் இடைவெளி 210 மி.மீ., வரைபடத்தில் 100’ என்று எழுதினால் மேஸ்திரிக்கும் புரியும், நீதிபதிக்கும் புரியும். டேப் தெரியும்படி படம் எடுங்கள்.

1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகள் அனுமதியில்லாத கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் அதிகாரம் தருகின்றன. நீதிமன்றத்தில் தோற்கும் கோப்புகள் பெரும்பாலும் நோட்டீஸ் சரியாகப் போய்ச் சேராததால் தோற்கின்றன. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-இல் இடிப்பு நடவடிக்கைகளுக்கு வரையறை விதித்தது: காரணம் கேட்கும் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போக வேண்டும், கட்டடத்திலும் ஒட்ட வேண்டும், 15 நாளாவது அவகாசம் வேண்டும், உரியவர் சொல்வதைக் கேட்க வேண்டும், இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். சாலை, நீர்நிலை போன்ற பொது இடத்து ஆக்கிரமிப்புக்கு இது பொருந்தாது. அடுத்த மாதமே, டிசம்பர் 17-இல், விதிமீறிய கட்டடங்கள் குறித்த வழக்கில் அதே நீதிமன்றம், அனுமதி வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் வைத்திருக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவேட்டில் எழுத வேண்டும், தவறும் அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மக்களையும் உங்களையும் ஒருசேரக் காப்பது அந்தப் பதிவேடுதான்.

கேட்டு வாங்க வேண்டியவை

தனியாக ஒரு ஆய்வாளரை அனுப்பி, பெரிய கட்டடக்காரரை எதிர்த்து நில் என்று சொல்வது நியாயமில்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். முதல் ஆறு மாதம் மூத்த ஆய்வாளர் ஒருவரோடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளுக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கட்டமைப்புக் கணக்கில் சந்தேகம் வந்தால் கேட்க ஒரு பொறியாளர் அலுவலகத்திலோ, கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்ற இடத்திலோ இருக்க வேண்டும். யாரைக் கேட்பது என்பது எழுத்தில் இருக்கட்டும். சீல் வைக்கப் போகும்போது காவல்துறைப் பாதுகாப்புக்கு முன்கூட்டியே கடிதம் போக வேண்டும். மலைக்குப் போக வண்டி வேண்டும். பேருந்து நேரத்துக்கு ஏற்றபடி ஆய்வு செய்ய முடியாது.

அழுத்தம் வரும். வார்டு ஆட்களிடமிருந்து வரும், சில சமயம் நம் அலுவலகத்துக்குள்ளிருந்தே வரும். போனில் வரும் எந்த உத்தரவையும் ‘இன்று இத்தனை மணிக்கு இன்னவர் வாய்மொழியாகச் சொன்னார்’ என்று கோப்பில் குறித்து மேலே அனுப்புங்கள். மரியாதையாக, ஒரு வரியில். பெரும்பாலான உத்தரவுகள் அந்த ஒரு வரியோடு நின்றுவிடும். களத்தில் கட்டடக்காரர் வாங்கிக் கொடுக்கும் சாப்பாட்டையும் வேண்டாமென்று சொல்லிப் பழகுங்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வார்டு மேஸ்திரிகளையும் கம்பி கட்டுகிறவர்களையும் ஓரிடத்தில் கூப்பிடுங்கள். மண்டல அலுவலக வராந்தா போதும். மடித்த ரிங் இரண்டு, கவர் பிளாக், ஸ்லம்ப் கூம்பு, உடைந்த கியூப் ஒன்று கொண்டுபோங்கள். முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்: எந்தப் பொறியாளரின் வரைபடம் புரியவில்லை, எந்தக் கடைக் கம்பி எடை குறைகிறது, எந்த வீட்டுக்காரர் சிமெண்டைக் குறைக்கச் சொல்கிறார். அடுத்த மாதம் எந்த சைட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கான பட்டியலை அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.